எந்தப் போப்ளே?

பெயரைக் கேட்டுவிட்டு அந்தப் பெயரால் நம்மைக் கூப்பிடுகிறவர்கள் சாதாரண மனிதர்கள். பெயரைக் கேட்டுவிட்டு ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் தனி இனம். அவர்களுக்குப் பெயர் கூப்பிடுவதற்கு இல்லை, தோண்டுவதற்கு. புனேயில் சதாசிவப் பேட்டைப் பக்கம் பழைய கட்டடம் எதிலாவது ஏறிக் கண்ணில் பட்ட கதவைத் தட்டிப் பாருங்கள். கதவு நாலு விரற்கடை திறக்கும். உள்ளே வா என்று சொல்ல மாட்டார்கள், தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்க மாட்டார்கள். "குடும்பப் பேரு என்ன?" என்று கேட்பார்கள்.

ஜோஷி என்று சொல்லிவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எந்த ஜோஷி? கொங்கணத்து ஜோஷியா, மேட்டு நிலத்து ஜோஷியா, பஞ்சாங்கம் பார்த்த ஜோஷியா, பார்க்காமலே ஜோஷியா? குல்கர்ணி என்றால் இன்னும் மோசம். ஊருக்கு ஊர் கணக்கு எழுத ஒரு குல்கர்ணி இருந்திருக்கிறார், ஆகவே எந்த ஊர், அந்த ஊருக்கு எந்த ஆறு, அந்த ஆற்றுக்கு எந்தக் கரை என்று ஒவ்வொரு படியாக உங்களை இறக்கிக்கொண்டே போய், கடைசியில் உங்கள் கொள்ளுத்தாத்தா குளித்த துறையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் கதவை முழுதாகத் திறப்பார்கள். பாட்டீல் என்றால்? பாட்டீல் என்றால் உட்காரவே விட மாட்டார்கள்.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி மோரேஷ்வர் நிம்காவ்கர். தொலைபேசி இலாகாவின் டைரக்டரிப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் மெய்ப்புப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். நகரத்தில் டெலிபோன் வைத்திருந்த அத்தனை பேரும் அவருடைய சிவப்பு பென்சிலின் கீழ் ஒரு முறையாவது படுத்து எழுந்திருக்கிறார்கள். எண்கள் அவருக்கு மறந்துவிட்டன. பெயர்கள் மறக்கவில்லை. தயிர்சாதம் என்று பொருள் தரும் தஹிபாதே எத்தனை குடும்பம், ஏழு பிள்ளைகள் என்று பொருள் தரும் சாத்புதே எத்தனை குடும்பம், அந்தச் சாத்புதேக்களில் ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது வரைக்கும் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஆயிரம் புத்தி என்று பெயர் வைத்துக்கொண்ட சஹஸ்ரபுத்தே ஒருவர் மூன்று முறை கணக்கில் தோற்ற கதையை அவர் சொல்லிக் கேட்காத கல்யாணப் பந்தி புனேயில் இல்லை.

அவருடைய ஆயுதம் ஒரே ஒரு வார்த்தை. "அப்படியா." அதற்கு மூன்று நீளம் உண்டு. குட்டையாகச் சொன்னால் உங்களை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம், அவல் உப்புமா வரும். நடுத்தரமாகச் சொன்னால் சந்தேகம், தேநீர் மட்டும் வரும். "அப்ப்படியாஆ" என்று மூக்கு வழியாக இழுத்தால் தேநீரும் வராது, நீங்கள் எழுந்து செருப்பைத் தேடலாம்.

மேல்மாடிக்குக் குடிவந்த நம் சிவகாசிக்காரர் ஒருவர் இவரை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தார்.

"பேரு பால்பாண்டி."

"அது சரி. குடும்பப் பேரு?"

"அப்படி ஒண்ணும் இல்லைங்க. அப்பா பேரு மாடசாமி, அதைத்தான் ஃபாரத்துல எழுதுவேன்."

"அப்போ உங்க பையனுக்கு?"

"அவனுக்கு நாந்தான் குடும்பப் பேரு."

தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டே போகிற குடும்பமா? போலீசுக்குப் பயந்தவர்கள்கூட அப்படிச் செய்ய மாட்டார்களே. நோட்டில் மாடசாமி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அந்தக் கேள்விக்குறியைச் சிவப்பு பென்சிலால் இரண்டு முறை வட்டமிட்டார்.

இவருடைய சொந்தக் குடும்பப் பெயருக்கு வருவோம். நிம்காவ் என்பது ஊர். அந்த ஊர்க்காரர் நிம்காவ்கர். அந்த ஊரில் இவருடைய முன்னோருக்குப் பேஷ்வா காலத்தில் ஒரு கோட்டை வாசலும், வாசலுக்கு ஒரு காவல்காரனும், காவல்காரனுக்கு ஒரு ஈட்டியும் இருந்ததாகக் கேள்வி. யாரிடம் கேள்வி? இவரிடம்தான். போய்ப் பார்த்திருக்கிறாரா? இல்லை. ஒரு முறை பஸ்ஸில் அந்தத் திருப்பத்தைத் தாண்டியபோது நல்ல தூக்கத்தில் இருந்தாராம்.

இப்படிப்பட்டவருடைய மகள் மஞ்சிரி, மூன்று வருஷத்துக்கு முன்னால், தன்னோடு வேலை பார்த்த ரோஹிதாஸ் போப்ளே என்ற பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள்.

போப்ளா என்றால் பூசணிக்காய்.

"ஊரெல்லாம் உன்னைப் பூசணிக்காய்னு கூப்பிடும். பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"பரவாயில்லப்பா. நல்ல காய்தானே. உடம்புக்குக் குளிர்ச்சி," என்றாள் அவள்.

பூசணிக்காய் வெறும் சாக்கு. படவால் என்ற புடலங்காய்க்காரர்கள் வீட்டுப் பந்தியில் இவரே மூன்று ஜிலேபி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இவருடைய உண்மையான துயரம், நீல நோட்டை முதலிலிருந்து கடைசி வரை மூன்று தடவை புரட்டியும் இது யாருடைய பூசணிக்காய் என்று கண்டுபிடிக்க முடியாததுதான். மேலா, கீழா, பக்கத்திலா? எந்தப் போப்ளே? பையனையே கேட்டார். "பீம்தடிப் பக்கம் மாமா, வயல்காரங்க," என்றான் பையன். இவர் மூக்கு வழியாக ஒரு "அப்ப்படியாஆ" இழுத்தார். பையன் சிரித்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டான். மஞ்சிரியும் போட்டுக்கொண்டாள்.

பதிவுத் திருமணத்துக்கு மனைவி சுலபா போனாள், மகன் தன்மய் போனான், மேல்மாடிப் பால்பாண்டிகூடப் போனார். இவர் போகவில்லை. அதற்குப் பிறகு, நகரத்தின் இன்னொரு பக்கத்துக்குக் குடிபோன மகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் "கோத்ரூடில் இருக்கிறவள்" என்றுதான் சொல்வார். தீபாவளிப் பலகார டப்பாவின் மேல் மஞ்சிரி என்று எழுதி, அதற்குப் பிறகு ஒரு அங்குலம் காலியாக விட்டு, நேரே வீட்டு எண்ணுக்குப் போய்விடுவார். மூன்று தீபாவளிக்கு அந்த ஒரு அங்குலம் காலியாகவே போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர் ஒரு அங்குலத்தில் மறைத்தார்.

இந்த நிலைமையில் தன்மய்க்குப் பெண் குழந்தை பிறந்தது.

மோரேஷ்வர்ராவ் தெரு முழுக்க பர்ஃபி கொடுத்தார். நோட்டைத் திறந்து உட்கார்ந்து ஆறு நாள் யோசித்து, தன் அம்மாவின் பெயரான கோதாவரி என்பதை முதலாவதாகவும், அதைவிடப் பழசாக இரண்டு பெயர்களை அடுத்தடுத்தும் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் தொட்டில். அன்றைக்குத்தான் குழந்தைக்குப் பெயர்.

"காகிதத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் சுலபா. "காதுல பேரைச் சொல்றது அத்தை. நீங்க இல்ல."

நாற்பதாயிரம் பெயர்களின் பூர்வீகம் தெரிந்த மனிதருக்கு இது மட்டும் மறந்துபோயிருந்தது. குழந்தையின் காதில் குனிந்து "குர்ர்ர்" என்று சொல்லிப் பெயரை ஓதுகிற உரிமை அப்பாவின் அக்கா தங்கைக்குத்தான். தன்மய்க்கு இருப்பது ஒரே அக்கா. கோத்ரூடில் இருக்கிறவள்.

"என் தம்பி பொண்ணு சாத்தாராவுல இருக்காளே. அவளும் அத்தை முறைதானே?" என்றார்.

உள்ளே குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த மருமகள் சாயலி அங்கிருந்தே பதில் சொன்னாள். "சொந்த அத்தை பத்து நிமிஷத் தூரத்துல இருக்கறப்போ சாத்தாராவுல இருந்து வாடகை அத்தையா மாமா? மஞ்சிரி அக்கா வரலேன்னா தொட்டிலே கட்ட வேண்டாம். பாப்பாவைப் பாப்பான்னே கூப்பிட்டுக்கலாம்."

மோரேஷ்வர்ராவ் நினைத்துப் பார்த்தார். பெயரில்லாத ஒரு ஆள், தன் கூரைக்கு அடியில், தன் ரத்தத்தில். டைரக்டரியில் பெயர் விடுபட்டுப்போன சந்தாதாரர் ஒருவர் ஆபீசுக்கு வந்து அழுததை அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலமே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் பழக்கம் போகவில்லை.

"குடும்பப் பேரு?"

"வாக்மாரே. எங்க தாத்தாவுக்குத் தாத்தா புலியை அடிச்சாராம் காகா. நான் ஹாரன் அடிச்சிட்டிருக்கேன்."

கோத்ரூடில் மூன்றாவது மாடிக் கதவில் பித்தளை எழுத்தில், தூரத்தில் இருந்தே படிக்கிற அளவில், போப்ளே என்று போட்டிருந்தது. ஏதாவது அச்சுப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. மணியை அடித்தார். திறந்தது மஞ்சிரியின் மாமியார் ஹிராபாய். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் முப்பத்தெட்டு வருஷம் ஹாஜர் எடுத்த டீச்சர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒருவரைப் பார்த்தாலே அவர் நேற்று ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்கிற பார்வை.

"வாங்க சம்பந்தி. மஞ்சிரி ஆபீஸ்ல இருந்து வர நேரந்தான். உட்காருங்க." உட்கார்ந்தார். தேநீர் வந்தது. அதன் பின்னாலேயே கேள்வியும் வந்தது.

"நிம்காவ்கர். எந்த நிம்காவ்?"

மோரேஷ்வர்ராவ் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பேரைக் கேட்ட கேள்வி. அது தன் பக்கம் திரும்பி வரும்போது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நதிக்கரையில... கோட்டை வாசல் இருக்கே..."

"நிம்காவ்னு ரெண்டு டஜன் ஊர் இருக்கு. அதுல நதிக்கரையில ஒரு பத்து. எந்தத் தாலுக்கா?"

சொன்னார்.

"அட, என் முதல் போஸ்டிங்கே அங்கதானே. மாருதி கோயிலுக்கு எதிர்ல பள்ளிக்கூடம். நாலு வருஷம் இருந்தேன். கோட்டையும் இல்ல, வாசலும் இல்ல சம்பந்தி, ஒரு கிணறு உண்டு. நிம்காவ்கர்னும் ஒருத்தர் கிடையாது. ஊருக்குள்ள இருக்கறவனுக்கு ஊர்ப் பேரு எதுக்கு? ஊரை விட்டுப் போனவனுக்குத்தானே ஒட்டும்." டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அங்கேயிருந்து அந்தக் காலத்துல புனேக்குப் போன குடும்பம் ஒண்ணே ஒண்ணுதான்னு சொல்வாங்க. உந்தரே."

உந்தீர் என்றால் எலி.

மோரேஷ்வர்ராவ் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய வீட்டு டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில், தாத்தா உந்தரே என்ற பெயரை விட்டுவிட்டு இனிமேல் நிம்காவ்கர் என்று அழைக்கப்படுவார் என்று சர்க்கார் கெஜட்டில் வந்த நாலு வரித் துண்டு ஒன்று இருக்கிறது. அது அவருக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியும். கட்டின மனைவிக்குத் தெரியாது. ஊரார் பூர்வீகத்தையெல்லாம் எழுதின நீல நோட்டில் அந்த ஒரு பதிவு மட்டும் இல்லை.

"அவங்க... எங்களுக்குத் தூரத்து..." என்று ஆரம்பித்தார்.

"அப்ப்படியாஆ," என்றார் ஹிராபாய்.

அதே நீளம். அதே மூக்கு. தன் வாயிலிருந்து புறப்படும்போது அது கேட்கிறவர்களுக்கு இவ்வளவு வலிக்கும் என்று யாருமே அவரிடம் சொன்னதில்லை. அவருடைய கண் தானாகச் செருப்பைத் தேடிற்று.

ஹிராபாய் பார்த்துவிட்டார். ஒரு பள்ளிக்கூடமே அடங்குகிற மாதிரிச் சிரித்தார். "உட்காருங்க சம்பந்தி. எலிக்கும் பூசணிக்கும் ஒரே வயல்தானே. டீயைக் குடிங்க, ஆறுது."

அப்போதுதான் மஞ்சிரி வந்தாள். அப்பா தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றாள். அவர் விஷயத்தைச் சொன்னார். தொட்டில், பன்னிரண்டாம் நாள், அத்தை. கெஞ்சவில்லை, ஆனால் குரலில் மெய்ப்புப் பார்ப்பவரின் அதிகாரமும் இல்லை.

"வரேன்ப்பா. ஆனா அம்மா கூப்பிட்டோ சாயலி கூப்பிட்டோ தொட்டில்கிட்ட வரமாட்டேன். நீங்க கூப்பிடணும். எல்லார் முன்னாடியும். முழுப் பேரும் சொல்லி."

"முழுப் பேரா?"

"டைரக்டரியில போடற மாதிரி."

பன்னிரண்டாம் நாள் நாற்பது பேர் வந்தார்கள். பூ சுற்றின தொட்டில், வேகவைத்த கொண்டைக்கடலை, ஜரிகைப் புடைவைகள். பெண்கள் சடங்குப்படி அம்மிக் குழவியைக் குழந்தை மாதிரித் துணியில் சுற்றி அதைத் தொட்டிலுக்கு மேலும் கீழும் கைமாற்றி முடித்தார்கள். ஹிராபாய் முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலி எதிலிருந்து வெளியே வருமோ என்று அந்தக் கைப்பையையும் அதற்கு மேலிருந்த வாயையும் மோரேஷ்வர்ராவ் மாறி மாறிப் பார்த்தார். மஞ்சிரி கதவோரத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அத்தை எங்கே? நேரமாச்சு," என்றது ஒரு குரல்.

மோரேஷ்வர்ராவ் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "சௌபாக்கியவதி மஞ்சிரி," என்றார். "ரோஹிதாஸ்," என்றார். அதற்குப் பிறகு பலகார டப்பாவில் விட்டிருந்த அந்த ஒரு அங்குலம் வந்தது. நாற்பது பேரும் அந்த அங்குலத்தில் நின்றார்கள். சுலபா புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"போப்ளே," என்றார். "தொட்டில்கிட்ட வாம்மா."

அவள் வந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அதே கட்டடத்தில், அதே இனத்தில், இரண்டாவது மாதிரி ஒன்று இருக்கிறதே. பக்கத்து வீட்டு டோங்ரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"போப்ளேயா? எந்தப் போப்ளே?"

மஞ்சிரி நின்ற இடத்தில் நின்றுவிட்டாள். ஹிராபாய் கைப்பையைத் திறக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. கண்ணாடிக்கு மேலாகச் சம்பந்தியைப் பார்த்தார், அவ்வளவுதான். ஹாஜர் எடுக்கிற பார்வை.

"நம்ம போப்ளே," என்றார் மோரேஷ்வர்ராவ்.

டோங்ரே வாயைத் திறந்தார். இழுப்பதற்காகத்தான். மோரேஷ்வர்ராவ் அவர் கையில் ஒரு தட்டுக் கொண்டைக்கடலையை வைத்து, "சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க," என்றார்.

மஞ்சிரி வந்தாள். அப்பாவைத் தாண்டிப் போகும்போது அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். தொட்டிலில் குனிந்து "குர்ர்ர்" என்றாள். வழக்கப்படி பெண்கள் எல்லாரும் அவள் முதுகில் தட்டினார்கள், மூன்று வருஷ பாக்கியையும் சேர்த்துக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள். பெயர் ரேவா. சாயலியும் அவளும் ஐந்து மாதத்துக்கு முன்னாலேயே டெலிபோனில் முடிவு செய்துவிட்ட பெயர். அந்த வீட்டில் இவரைத் தவிர எல்லாரும் மூன்று வருஷமாகத் தினமும் கோத்ரூடோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். மோரேஷ்வர்ராவ் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேட்டது நதியின் பெயர், கிடைத்ததும் நதியின் பெயர்தான், வேறு நதி. அவருக்கு அழுகை வந்தது. புகை என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். புகை எங்கும் இல்லை.

திருந்திவிட்டாரா? நல்ல கேள்வி. அன்று சாயங்காலம் படம் எடுத்த பையன் மூட்டை கட்டும்போது, "குடும்பப் பேரு என்ன தம்பி?" என்று இவர் கேட்டது சமையலறை வரை கேட்டது. பையன் ஏதோ சொன்னான். "அப்படியா," என்றார். குட்டையாகத்தான் சொன்னார். ஹிராபாய் இன்னும் கிளம்பவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே, ஒற்றை எழுத்தில் அப்பாவை அடக்கிவிட்டுச் சுத்தமாக இருக்கிறோமே. நல்லது. போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டீர்கள். அவர் மாவட்டத்தைச் சொன்னார். "அங்க எந்த ஊரு?" என்றீர்கள். ஊரைச் சொன்னார். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றீர்கள். அவர் தெருவையும் சொன்னார், பாவம், உங்கள் வீட்டில் காபி கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுவிட்டு நீங்களும் ஒரு "அப்படியா" சொன்னீர்கள்.

எவ்வளவு நீளம்?